பிள்ளைகளுக்கும் ஒரு லீக் வையுங்கள்

தருமபுரி மாவட்டத்து ஊர்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கும் விளையாட்டுக் குழுக்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே,

பென்னாகரத்திலிருந்து அரூர் வரை, பாலக்கோட்டிலிருந்து பாப்பிரெட்டிப்பட்டி வரை, பொங்கலை ஒட்டிக் கிரிக்கெட் போட்டி நடக்காத பக்கமே நம் மாவட்டத்தில் இல்லை. தண்ணீர் வற்றிய ஏரியோ, கேழ்வரகு அறுத்த கொல்லையோ, பள்ளிக்கூடத்து மைதானமோ, எதுவானாலும் அதை ஆடுகளமாக ஆக்குவது நீங்கள்தான். கல் பொறுக்கி, வேலிக்காத்தானை வெட்டி ஒதுக்கி, தண்ணீர் தெளித்துத் தட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் வசூல் செய்து, கடைசியில் அம்பயராக நின்று திட்டும் வாங்குகிறீர்கள். இதற்கெல்லாம் யாரும் கூலி கொடுப்பதில்லை. அந்த உழைப்பின் அருமை தெரிந்தவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்தப் பொங்கலுக்குப் பெரியவர்கள் போட்டியோடு சேர்த்து, 10 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஒரு லீக் நடத்துங்கள். ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் இரு பாலரும் ஆடட்டும். நாக்-அவுட் வேண்டாம், லீக்காகவே இருக்கட்டும்.

ஏன் இதைக் கேட்கிறேன் என்று சொல்கிறேன். இளவயதில் இந்த மாவட்டத்து ஏரிகளில் பந்து வீசித் திரிந்தவன் நான். பிறகு ஓசூரில் ஷிப்டு வேலை. ஆட்டம் செல்போனுக்குள் போயிற்று. கொஞ்ச காலத்தில் அதுவும் கசந்தது. கூட வேலை பார்த்த பையன்கள் ஆப்பில் அணி கட்டிப் பணம் வைத்தார்கள். ஆட்டம் முடிந்ததும் யார் நன்றாக ஆடினார்கள் என்ற பேச்சு இருக்காது, யாருக்கு எவ்வளவு போயிற்று என்பதுதான் பேச்சு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்ல காரியம். ஆனால் அதற்குள் கிரிக்கெட்டே வேண்டாம் என்ற மனநிலைக்கு நான் வந்திருந்தேன்.

அதை மாற்றியவர்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். ஊருக்குத் திரும்பிய பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு லீக் நடக்கிறது, ஸ்கோர் எழுத ஆள் இல்லை என்று கூப்பிட்டார்கள். போய் உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓவர் போட வந்தாள். முதல் மூன்று பந்தும் வைடு. பெரியவர்கள் ஆட்டமாக இருந்தால் அந்த ஓவர் முடிந்ததும் அவளை பவுண்டரிக்கு அனுப்பியிருப்பார்கள், அதன் பிறகு பந்து அவள் கைக்கு வந்திருக்காது. இங்கே விதி வேறு. எல்லோரும் ஓர் ஓவர் போட்டே ஆகவேண்டும், வைடுக்கு இரண்டு ரன் கொடுப்பார்கள், மறுபந்து கிடையாது. அம்பயராக நின்ற தம்பி குனிந்து, "பேட்ஸ்மேனைப் பாக்காத பாப்பா, ஸ்டம்பப் பாத்துப் போடு" என்றான். நான்காவது பந்து குட்டையாக விழுந்து, இரண்டு முறை குதித்து, நடு ஸ்டம்பின் அடியில் போய்த் தட்டியது. ஸ்டம்பு கொஞ்சம் சாய்ந்தது, அவ்வளவுதான். அவள் கத்தவில்லை, ஓடவில்லை. என் பக்கம் திரும்பி, "அவுட்டாண்ணா?" என்று கேட்டாள். வைடு, வைடு, வைடு, விக்கெட், ஒன்று, டாட் என்று அந்த ஓவரை நோட்டில் எழுதினேன். அதற்கு அடுத்த ஞாயிறு யாரும் கூப்பிடாமலே போய்விட்டேன். பந்து வீசுவது எத்தனை கஷ்டமான வித்தை, அது சரியாக விழும்போது எத்தனை அழகு என்பதெல்லாம் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்குத் திரும்பக் கிடைத்தது.

இனி கணக்குக்கு வருகிறேன். 16 அணி சேர்ந்து நாக்-அவுட் ஆடினால் மொத்தம் 15 ஆட்டம். அதில் எட்டு அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். ஜெயித்து ஜெயித்து மேலே போகும் இரண்டு அணிகள் மட்டும்தான் நான்கு ஆட்டம் ஆடும். ஆறு அணிகளை வைத்து லீக் நடத்தினாலும் அதே 15 ஆட்டம்தான். ஆனால் ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டம் கிடைக்கும். அதே மைதானம், அதே அம்பயர், அதே சுண்ணாம்பு. ஆட்ட அட்டவணையை மட்டும் மாற்றிப் போட்டால் போதும், ஒரு பிள்ளையும் முதல் நாளே அழுதுகொண்டு போகவேண்டாம்.

பெரியவர்களுக்கு நாக்-அவுட் சரிதான். நுழைவுக் கட்டணம் கட்டி வருகிறார்கள், பரிசுத் தொகை இருக்கிறது, இரண்டு நாளில் முடிக்கவும் வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு அது பொருந்தாது. முதல் ஆட்டத்தில் கேட்ச் விட்டவனுக்கு அடுத்த வாரம் இன்னொரு கேட்ச் வர வேண்டும். அப்போதுதான் கையை எப்படிக் குவிப்பது என்று நடுவிலுள்ள ஆறு நாளும் சுவரில் பந்தை அடித்துப் பழகுவான். ஆட்டத்தின் மேல் ஆசை பிறப்பது அந்த ஆறு நாளில்தான்.

இப்போது நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்கு நாம் கொடுத்திருக்கும் வேலை என்ன என்று பாருங்கள். பெரியவர்கள் அடித்த பந்து முள்ளுக்குள் போனால் நுழைந்து எடுத்து வருவது. தண்ணீர்க் குடம் தூக்குவது. ஆள் குறைந்தால் ஃபைன் லெக்கில் நிற்பது. கடைசி ஆளாக பேட் பிடிக்கவாவது முறை வருமா என்று சாயந்தரம் வரை காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் கையில் கிடைப்பது பெரியவர்களின் பேட். இரண்டு கையும் பிடியின் அடியில் இறங்கிவிடும், தூக்கிச் சுற்றும் முன் பந்து கீப்பரிடம் போய்விடும்.

பிள்ளைகளுக்காக ஆட்டத்தையே சுருக்க வேண்டும் என்பதை உலகத்தில் பலர் முன்பே கண்டுகொண்டார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் வில்லியம்ஸ்போர்ட் என்ற ஊர். அங்கே 1939இல் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் தெருப் பிள்ளைகளுக்காக பேஸ்பால் லீக் ஒன்றைத் தொடங்கினார். அதன் பெயர் லிட்டில் லீக். பெரியவர்கள் ஆட்டத்தில், ஓடித் தொட வேண்டிய ஒரு பேஸுக்கும் அடுத்த பேஸுக்கும் நடுவே 90 அடி. பிள்ளைகளுக்கு அதை 60 அடியாகக் குறைத்தார். முதல் ஆண்டில் மூன்றே அணிகள். அது இன்று எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பயிற்சியாளர், அம்பயர், ஸ்கோர் எழுதுபவர் எல்லாம் பெரும்பாலும் உள்ளூர்த் தன்னார்வலர்கள், பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். அதன் விதிப்புத்தகத்தில் இரண்டு விதிகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அணியில் பெயர் உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒரு முறையாவது பேட் பிடித்தாக வேண்டும் என்பது ஒன்று. பந்து எறியும் பிள்ளையின் தோளும் முழங்கையும் கெட்டுப்போகாமல் இருக்க வயதுக்கு ஏற்ற வரம்பு இன்னொன்று. 9, 10 வயதென்றால் ஒரு நாளில் 75 பந்து, 11, 12 வயதென்றால் 85, அதற்கு மேல் எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையானாலும் நிறுத்திவிட வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கிரிக்கெட்டிலேயே இதைச் செய்திருக்கிறார்கள். 11 வயதுக்குட்பட்டோருக்கு அங்கே பிட்ச் நீளம் 16 மீட்டர், அணிக்கு ஏழு பேர். நாமோ 22 கெஜத்தை, அதாவது 20 மீட்டருக்கும் மேலான பிட்சை, ஐந்தாம் வகுப்புப் பையனுக்கும் கோடு போட்டுக் கொடுக்கிறோம். பந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று அவன் மேலே தூக்கி எறிகிறான். அப்படியே எறிந்து பழகியவனுக்குப் பிறகு கையைத் திருத்துவது பெரும்பாடு.

ஆட்டம் நிறைய கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தொப்பூர் கணவாயைத் தாண்டி சேலம் மாவட்டத்துக்குள் போனால் சின்னப்பம்பட்டி. அந்த ஊர் வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் பெயரைச் சொல்லாத கிரிக்கெட் மேடை நம் பக்கத்தில் இல்லை, நானும் சொல்கிறேன். அப்பா நெசவுத் தொழிலாளி, அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். இருபது வயது வரை அவர் ஆடியது டென்னிஸ் பந்தில், உங்களைப் போன்றவர்கள் நடத்திய போட்டிகளில். அவருடைய யார்க்கர் அங்கே பழகியதுதான். அதே ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைக் கண்டுகொண்டு சென்னைக்குக் கூட்டிப்போய் லீக் ஆட்டத்தில் சேர்த்தார். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் அறிமுகமானார், பந்துவீச்சு முறையில் சந்தேகம் எழுந்தது, அதைத் திருத்திக்கொண்டு 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வழியாகத் திரும்பி வந்தார். 2020 டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20, 2021 ஜனவரி 15ஆம் தேதி பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே தன் பெயரில் ஒரு மைதானமும் திறந்தார்.

இந்தக் கதையை நாம் மேடையில் சொல்லும்போது, "நம்மிலிருந்தும் ஒரு நடராஜன் வருவான்" என்று முடித்துவிடுகிறோம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொரு விஷயம். பன்னிரண்டு வயதில் அவரை ஒரு நாள் தேர்வுக்கு வரச் சொல்லியிருந்தால் யாராவது எடுத்திருப்பார்களா? அவருக்குக் கைகொடுத்தது ஆட்டம் நிறைய கிடைத்ததும், கூடவே கவனித்துப் பார்க்க ஒரு மனிதர் இருந்ததும்தான். இந்த இரண்டையும் ஓர் ஊர் தன் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க முடியும். அவர்களில் ஒருவரும் இந்தியாவுக்கு ஆடாமல் போகலாம். ஐம்பது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டை தூக்கிக்கொண்டு புறப்படும் மனிதர்களாக அவர்கள் வளர்ந்தாலே அந்த ஊருக்குப் பெரிய லாபம்.

நடத்தும் முறை இதுதான். அணிக்கு எட்டுப் பேர், ஆறு அணி, மொத்தம் 48 பிள்ளைகள். ஆட்டத்துக்கு எட்டு ஓவர். எட்டுப் பேரும் ஆளுக்கு ஓர் ஓவர் போடுவார்கள், கீப்பர் உட்பட. பேட்டிங்கில் நான்கு ஜோடி, ஒரு ஜோடிக்கு இரண்டு ஓவர். அவுட்டானால் வெளியே போக வேண்டாம், அணியின் கணக்கில் ஐந்து ரன் கழித்துவிட்டுத் தொடர்ந்து ஆடலாம். கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் இருக்க ஒவ்வோர் அணிக்கும் தொடக்கத்திலேயே நூறு ரன் கொடுத்துவிடுங்கள். இங்கிலாந்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நெடுங்காலமாக இப்படி ஜோடி ஆட்டம் வைப்பதுண்டு. முதல் பந்திலேயே அவுட்டாகிப் பந்தலில் போய் உட்கார்ந்துவிடும் சோகம் இதில் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கு மூன்று ஆட்டம். காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குள் முடிந்துவிடும், வெயிலும் ஏறியிருக்காது. அதன் பிறகு மைதானம் பெரியவர்களுக்கு. பொங்கல் முடிந்த முதல் ஞாயிற்றில் தொடங்கினால் ஐந்தே ஞாயிற்றில், மாசி பிறக்கும் சமயத்தில், லீக் முடிந்துவிடும். ஆண்டுத் தேர்வுக்கும் இடைஞ்சல் இல்லை. பந்து டென்னிஸ் பந்தாகவே இருக்கட்டும். சின்ன அளவு பேட் இரண்டு வாங்கினால் எல்லா அணிக்கும் போதும். பெரியவர்கள் போட்டியின் முதல் பரிசில் ஒரு பங்கைக் குறைத்தாலே இந்தச் செலவு அடங்கிவிடும். கிராம ஊராட்சிகளுக்கு 2024இல் அரசு கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்பு உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தால், அதையும் கேட்டு வாங்குங்கள். அது ஆடுவதற்காகக் கொடுத்தது.

அணி பிரிக்கும் விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தெருவாரியாகப் பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். 2012 நவம்பரில் சாதி வன்முறையில் நத்தம் காலனியில் வீடுகள் எரிந்த மாவட்டம் நம்முடையது. ஊர்த்தெரு அணி, காலனி அணி என்று பத்து வயதிலேயே பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தினால், அந்தப் பிரிவினைக் கோட்டை அவர்கள் மனதிலும் நாமே போட்டவர்கள் ஆவோம். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்காரும் பிள்ளைகள் ஒரே அணியில் ஆடட்டும். ஜோடியாக இரண்டு ஓவர் பேட் பிடித்து, "வா, வா, ரெண்டு ஓடு" என்று ஒருவரை ஒருவர் கூப்பிட்டு ஓடிய இரண்டு பேர் பிற்காலத்தில் தெருவில் எதிர்ப்படும்போது முகம் திருப்பிக்கொண்டு போவது கடினம்.

பெண் பிள்ளைகளைச் சேர்ப்பதையும் அழுத்திச் சொல்கிறேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1000 பேருக்குப் பெண் குழந்தைகள் 826 பேர்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் எட்டாம் வகுப்பு தாண்டினால் மைதானத்தில் பெண் பிள்ளையைப் பார்ப்பது இன்றும் அபூர்வம். அந்த வயதில் கல்யாணப் பேச்சு தொடங்கும் வீடுகளும் இருக்கின்றன. அமெரிக்க லிட்டில் லீக்கிலும் பெண் பிள்ளைகளைச் சேர்க்காமல்தான் வைத்திருந்தார்கள். 1972இல் மரியா பெப்பே என்ற சிறுமியை அணியிலிருந்து நீக்கினார்கள், வழக்கு நடந்தது, 1974இல் விதியை மாற்றினார்கள். நமக்கு வழக்கெல்லாம் வேண்டியதில்லை, நீங்கள் மனது வைத்தால் போதும். 2025 நவம்பர் 2ஆம் தேதி நவி மும்பையில் நம் பெண்கள் அணி உலகக் கோப்பையை வென்றதை வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தோம். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிள்ளைக்கு நம் ஊரில் ஒரு பேட் கையில் கிடைக்க வேண்டும். மகள் பந்து போடுவதை ஊரே பார்த்துக் கைதட்டும்போது, பக்கத்தில் நிற்கும் அப்பனும் அவளைப் புதிதாகப் பார்க்கிறார். இதை நான் கண்ணால் கண்டேன்.

"கூட்டம் வராது" என்பீர்கள். வரும். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்பா அம்மா பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போயிருக்க, பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்கிறது. லீக் நடந்தால் அந்தத் தாத்தா வருவார், பாட்டி சொம்பில் தண்ணீரோடு வருவாள், செல்போனில் வீடியோ எடுத்து வெளியூருக்கு அனுப்ப அண்ணன்காரன் வருவான். வேறு எதற்கும் சேராத கூட்டம் அது. "திறமைக்காரப் பையன் வீணாகிவிடுவான்" என்பீர்கள். நாக்-அவுட்டில் முதல் ஆட்டத்தில் அணி தோற்றால் அவனும்தான் வெளியே போகிறான். லீக்கில் ஐந்து ஞாயிறும் அவன் கண்ணில் படுவான். 12 வயது ஆனதும் முதலமைச்சர் கோப்பையில் பள்ளி மாணவர் பிரிவுக்கு அனுப்ப ஆள் தேடும்போது, யாரை அனுப்பலாம் என்பதற்கு உங்கள் ஸ்கோர் நோட்டே பதில் சொல்லும்.

ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்று பிள்ளைகளைத் திட்டுபவர் யாராக இருந்தாலும், நன்கொடை கொடுத்தவரே ஆனாலும், மைதானத்தை விட்டு வெளியே போகச் சொல்லுங்கள். கேட்சை விட்ட பிள்ளைக்கு விட்டது தெரியும். அதை மைக்கில் சொல்ல வேண்டியதில்லை. பிடித்த கேட்சை மட்டும் பெயரோடு சொல்லுங்கள். தன் பெயர் ஒலிபெருக்கியில் வருவதைக் கேட்ட பிள்ளை அடுத்த ஞாயிறு ஆறு மணிக்கே வந்து நிற்கும்.

எல்லா ஊரும் ஒரே ஆண்டில் தொடங்கவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒன்றியத்துக்கு ஓர் ஊர் முன்வந்தாலே போதும், அடுத்த ஆண்டு பக்கத்து ஊர் கேட்கும். உங்கள் ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியரைப் பார்த்து 48 பெயர் வாங்கி வாருங்கள், அதில் பாதி பெண் பிள்ளைகளின் பெயராக இருக்கட்டும். அம்பயருக்கு ஆள் இல்லையென்றால் பழைய ஆட்டக்காரர்களைக் கூப்பிடுங்கள். எங்களைப் போல ஆட்டத்தை விட்டுப்போனவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறோம். கூப்பிட்டால் வருவோம். ஸ்கோர் எழுத நான் வருகிறேன், நோட்டும் பேனாவும் நானே கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பென்னாகரம் வட்டத்திலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்